கழுவித் துடைத்த பீச் பழம்

ரிஜெக்ட் என்று சொன்னால்தான் தொழிற்பேட்டையில் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் இருந்ததோடு சரி. பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவு அவருக்கு. லேத் என்ற கடைசல் மிஷினிலிருந்து வரும் ஒவ்வொரு பீஸையும் கையில் எடுப்பார், விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், அளவு பார்ப்பார். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் "ரிஜெக்ட்" என்று சொல்லி ஓரமாகத் தள்ளுவார். குரலை உயர்த்த மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார். லேத்தில் நின்றவன் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் அந்த ஒரே சொல்லில் பழைய இரும்பாகிவிடும். அவர் தள்ளியதில் ஒன்றுகூட நல்ல பீஸ் கிடையாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. ஒரு தடவையாவது தப்பாகத் தள்ளியிருந்தால் நாலு பேர் சேர்ந்து மனதாரத் திட்டியாவது தீர்த்திருப்பார்கள்.

ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். போகிறாரே என்ற சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மேலாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது மெதுவா ஓடுது." அதுதான் அவருடைய பிரிவுரை.

கம்பெனி தப்பித்தது, வீடு மாட்டிக்கொண்டது. மனைவி வீட்டிலேயே ஜன்னல் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். முன்பெல்லாம் பகல் முழுக்க மிஷினும் அவளும் நிம்மதியாக இருந்தார்கள். இப்போது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். தையல் கோணல் என்றார். ரொட்டித் துண்டு ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு என்றார். பக்கத்து வீட்டுக்காரர் கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது தெருவிலேயே நின்று, திட்டுத் திட்டாக இருக்கிறது என்று அந்த மனிதர் தூரிகையைக் கீழே போடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். அவரிடம் அதைச் சொன்னால், சுற்றத்தில் குற்றம் இருந்தால் அதற்கு நானா பொறுப்பு என்று கேட்பார். மனைவி இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டே வாழக் கற்றுக்கொண்டவள். காதுக்கும் ஒரு அளவு உண்டு, அவள் அதைத் தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டது.

அவர்களுக்கு ஒரே மகள். மகள் என்றால் அவருக்கு உயிர். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மகளிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. சின்ன வயதில் அவள் வரைந்துகொண்டு வந்த படத்தைப் பார்த்து, யானைக்குக் கால் நீளம் ஒத்துவரவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவர் அவர். அவள் அதற்கப்புறம் வரையவில்லை. ஏன் வரையவில்லை என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

வளர்ந்து கணக்கெழுதும் வேலைக்குப் போனவள், ஒரு பேக்கரியில் ஓவன் முன்னால் நிற்கிறவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரும்பு வேலை செய்கிற எவனையாவது கொண்டுவந்திருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மாவு பிசைகிறவனை எந்த அளவுகோலில் வைத்து அளப்பது? அவனுக்கு ரொட்டிக்காரன் என்று பேர் வைத்தார். கல்யாணம் முடிந்து முதல் முறை வீட்டுக்கு வந்தபோது ரொட்டிக்காரன் தன் கையால் ஒரு கேக் செய்து, அட்டைப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். இவர் அதைக் குறுக்கே வெட்டினார். விளக்கடியில் தூக்கிப் பார்த்தார்.

"உள்ள ஓட்டை இருக்கு. இரும்பு வார்ப்புல இப்படி இருந்தா குப்பைதான்."

அத்தோடு விட்டிருந்தால் அது அவர் குணம் என்று போயிருக்கும். நுணலும் தன் வாயால் கெடும். "இதெல்லாம் ஒரு வேலையா? மாவைக் கொட்டி உள்ள வெச்சா அது தானா வேகுது. நடுவுல நீ எதுக்கு நிக்கிற?"

மகள் வெட்டிய கேக்கை அப்படியே பெட்டியில் மூடி எடுத்துக்கொண்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். போனவள் இரண்டு வருஷம் வரவில்லை. அம்மாவோடு மட்டும் போனில் பேசுவாள். அவர் சாப்பாட்டு மேஜையில் அவளுடைய நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. கேட்டால் கால் ஆடுகிறது, விழுந்து தொலைப்பீர்கள் என்பார். அந்த நாற்காலியின் கால் ஆடவே இல்லை.

மனைவி போனிலேயே அழுது, கெஞ்சி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதம் வாங்கினாள். மகள் சொன்னதை அட்சரம் பிசகாமல் புருஷனிடம் ஒப்பித்தாள். "இந்த ஒரு தடவைதான் வருவாளாம். நீங்க மாப்பிள்ளையை ஏதாவது சொன்னீங்கன்னா அப்புறம் செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாளாம். என் பொண்ணு சொன்னா செய்வா. உங்க ரத்தம்ல."

"நான் என்ன சொல்லப் போறேன்?"

"ஒண்ணும் சொல்லக் கூடாது. கேக்கைப் பத்தி, மாவைப் பத்தி, பேக்கரியைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"திறக்க மாட்டேன்" என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். மகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது.

அந்த வாரம் துணி சோப்பு வாங்கக் கடைக்குப் போனவரின் கண்ணில் அது பட்டது. கேக் மிக்ஸ் என்ற தயார் மாவுப் பாக்கெட்டுகளை அடுக்கி, பக்கத்திலேயே டப்பாவில் அடைத்த பீச் பழத்தையும் அடுக்கி வைத்திருந்தார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு டப்பா பழத்தைத் தட்டில் பரப்புங்கள். மேலே கேக் மிக்ஸைத் தூவுங்கள். அதன்மேல் வெண்ணெய்த் துண்டுகளை வையுங்கள். ஓவனில் வையுங்கள். கலக்க வேண்டாம், பிசைய வேண்டாம். அவ்வளவுதான். அவர் அதை இரண்டாம் முறை படித்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துப் பழக்கமில்லாத முகம் என்பதால் கல்லாவில் இருந்த பெண் பயந்துபோய், ஐயா உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே சத்தியம்? திறக்கவே வேண்டாம். மாப்பிள்ளை வரும்போது மேஜையில் கேக் இருக்கும். பக்கத்தில் அந்தப் பாக்கெட் இருக்கும். யார் செய்தது என்று கேட்பார்கள். இவ்வளவுதானடா உன் தொழில், இதற்கா விடியற்காலையில் எழுந்து ஓடுகிறாய் என்று அந்தப் பாக்கெட்டே அவனைக் கேட்டுக்கொள்ளும். உலகத்தில் வயிற்றுக்காகக் கேக் செய்தவர்கள் உண்டு, பிரியத்துக்காகச் செய்தவர்கள் உண்டு. வஞ்சம் தீர்க்கச் செய்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சமையலறைக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். "உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"மாப்பிள்ளை வர்றாருல்ல, ஏதாவது இனிப்பு செய்யலாம்னு."

முப்பது வருஷத்தில் அந்த மனிதர் அடுப்பில் வெந்நீர்கூட வைத்ததில்லை. திருந்திவிட்டாரோ என்று அந்தப் பாவப்பட்டவள் நினைத்துக்கொண்டாள். நினைத்தது அவள் தப்புதான், ஆனால் ஆசை யாரை விட்டது? பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

அவர் மேஜைமேல் செய்தித்தாள் விரித்தார். டப்பாவைத் திறந்தார். பழத்தை வடிதட்டில் கவிழ்த்தார். பழம் ஊறிக் கிடந்த சர்க்கரைச் சாறு அத்தனையும் சிங்க்கில் போயிற்று. குழாயைத் திறந்து பழத்தைக் கழுவினார். ஒரு தடவை இல்லை, பிசுபிசுப்புப் போகும்வரை கழுவினார். பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்து, நூல் பிரியாத வெள்ளைத் துணியால் முன்னும் பின்னும் துடைத்து, தட்டில் வரிசையாக அடுக்கினார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அந்தச் சாறு வேணாமா?"

"சாறு எதுக்கு ஊத்தி வெச்சிருக்கான்? கெட்டுப் போகாம இருக்க. பம்ப்புல மாட்டுற பேரிங்கும் டப்பாவுல எண்ணெயில ஊறித்தான் வருது. எண்ணெயோடயா தூக்கி மாட்டுறோம்? கழுவணும், துடைக்கணும், அப்புறம்தான் மாட்டணும். டப்பாவுல வர்ற எந்தச் சாமானுக்கும் அதுதான்."

"பாக்கெட்ல கழுவச் சொல்லியிருக்கா?"

"கழுவக் கூடாதுன்னு சொல்லியிருக்கா?"

அவளுக்கும் கேக் செய்து பழக்கமில்லை. அந்த வீட்டில் ஓவனைத் தொட்டவள் மகள் ஒருத்திதான். முதல் சம்பளத்தில் வாங்கிய ஓவன், அவள் போனபின் அதன்மேல் ஒரு துணி போர்த்தியே கிடந்தது. மனைவி ஓவன்மேல் கிடந்த அந்தத் துணியை எடுத்துவிட்டாள்.

மாவைச் சல்லடையில் போட்டுத் தூவி, ஸ்கேலின் விளிம்பால் மட்டமாக்கினார். வெண்ணெயை அளந்து சதுரம் சதுரமாக வெட்டி, தரையில் கல் பதிக்கிறவர்போல இடைவெளி விட்டு வைத்தார். ஓவனின் கதவை மூடினார். நேரம் ஆனதும் எடுத்தார். வெண்ணெய் இருந்த இடமெல்லாம் பொன்னிறமாக இருந்தது. இடையில் இருந்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. கடைக் கேக்கில்கூட மேலே வெள்ளையாகச் சர்க்கரைத் தூள் தூவுகிறார்களே, அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"கொஞ்சம் எடுத்து வாயில போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"செஞ்சவன் சோதிக்கக் கூடாது. செய்யிறவன் வேற, பாக்குறவன் வேற. அதெல்லாம் உனக்குத் தெரியாது." கம்பெனியில் அப்படித்தான் விதி. வாழ்க்கையில் முதல் தடவையாக இன்று செய்கிறவன் பக்கம் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

மத்தியானம் அவர்கள் வந்தார்கள். மகள் கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருப்பு இருந்தது. அவர் அவளைப் பார்த்ததும் "இளைச்சுட்ட" என்றார். அது பொய், ஆனால் குற்றமில்லாமல் வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டிருந்தான். ஓவன் தட்டு சுட்ட தழும்புகள் கையில் கோடு கோடாக இருந்தன. "வணக்கம் மாமா" என்றான். இவர் தலையை மட்டும் ஆட்டினார். சத்தியத்தைக் காப்பாற்றினார்.

மகள் நேராகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ வந்தது. மனைவி திரைச்சீலைத் துணியின் ரகத்தைப் பற்றிப் பேசினாள், பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசினாள், மழை வருமா வராதா என்று பேசினாள். மகள் உம் கொட்டினாள். எல்லோரும் கண்ணாடித் தரையில் நடப்பதுபோலப் பேசினார்கள். அவர் எழுந்து போய்க் கேக் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். காலிப் பாக்கெட்டையும் கொண்டுவந்தார். செய்முறை அச்சடித்த பக்கம் மேலே தெரியும்படி, மாப்பிள்ளையின் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். 'கலக்க வேண்டாம், பிசைய வேண்டாம்' என்ற இடத்தில் விரலை வைத்து ஒரு தட்டும் தட்டினார்.

மகள் பாக்கெட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மா மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். வேண்டாம்மா, எழுந்திருக்காதே என்று அர்த்தம்.

"யார் செஞ்சது?" என்றான் மாப்பிள்ளை.

"நான்தான்" என்றார். வாயைத் திறந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லில் இரண்டு வருஷத்து எகத்தாளமும் இருந்தது.

எல்லோருக்கும் வெட்டி வைத்தார். வெட்டும்போதே மாவு புகைபோலப் பறந்தது. மகள் ஒரு வாய் போட்டாள். மென்று பார்த்தாள், டீயைக் குடித்து விழுங்கினாள். "நல்லா இருக்குப்பா" என்றாள். அடுத்த வாய் எடுத்தாள். மனைவிக்குத் தொண்டையில் மாவு அடைத்து இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரோடேயே, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அவர் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். நாக்கில் உருட்டினான். கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினான். தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து மாமியாரின் தட்டையும் எடுத்துத் தள்ளி வைத்தான்.

"அத்தை, சாப்பிடாதீங்க. மாமா, இது சரியில்ல."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்ன சொன்ன?"

"மாவு மாவாவே இருக்கு. வேகவே இல்ல. டப்பாவுல இருந்த சாறு எங்க?"

"கழுவிட்டேன்."

"கழுவிட்டீங்களா?" அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. "அப்ப மாவு எதுல வேகும்? அந்தச் சாறு கொதிச்சு மேல ஏறித்தான் மாவு கேக்காகும். அதைக் கொட்டிட்டா உள்ள ஒண்ணுமே நடக்காது."

"எனக்கே சொல்லித் தர்றியா நீ? என் வீட்டுல உட்காந்துக்கிட்டு?"

"அன்னைக்கு என் கேக்குல ஓட்டை இருக்குன்னு சொன்னீங்க. இருந்துச்சு. அதுக்கு எனக்குக் கோவமே வரல. தானா வேகுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் வந்துச்சு. இன்னைக்கு அதையே சொல்லாம சொல்லிக் காட்டுறதுக்குன்னு இதைச் செஞ்சு வெச்சிருக்கீங்க. எனக்குப் படிக்கத் தெரியும் மாமா, பாக்கெட்டைப் படிச்சேன்."

"ஐயோ, விடுங்களேன்" என்றாள் மனைவி. யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அவர் எழுந்துவிட்டார். வெளியே போடா என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் நாற்பது வருஷம் கம்பெனியில் சோதனை பார்த்த கை அது. ஒருவன் ஒரு பீஸைத் தள்ளினால், தள்ளியது சரிதானா என்று தானும் ஒரு முறை பார்க்காமல் அந்தக் கைக்கு நிம்மதி வராது. கரண்டியை எடுத்துத் தட்டின் நடுவில் குத்தி ஒரு வாய் போட்டார். மாவு அண்ணத்தில் அப்பிக்கொண்டது. நாக்கு புரளவில்லை. வெளியே போடா என்று சொல்ல வாயைத் திறந்தால் தூள்தான் பறந்தது. துடைத்த பழம் ரப்பர் மாதிரி பல்லில் சிக்கியது. சொம்புத் தண்ணீரை அப்படியே தூக்கிக் குடித்தார்.

ரொட்டிக்காரன் சொன்னது சரி. அந்தச் 'சரி'யை ஒத்துக்கொள்வதைவிட அவருக்கு இன்னும் ஒரு தட்டு மாவைத் தின்பது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் கோபம் அவன்மேல் நிற்கவில்லை, திரும்பிவிட்டது. கெட்ட பீஸைச் செய்தவனைக்கூட அவர் மன்னிப்பார், கெட்டது என்று தெரிந்தே நல்லது என்று சொல்லி அனுப்பியவனை மன்னிக்கவே மாட்டார். இந்தச் சாப்பாட்டு மேஜையில் அப்படிச் சொன்னவர்கள் இரண்டு பேர். மனைவியை விட்டுவிட்டார். மகளைப் பிடித்துக்கொண்டார்.

"உன் நாக்கு செத்துப் போச்சா? இதைப் போய் நல்லா இருக்குன்னு சொன்னியே! என் பொண்ணா நீ? எதுக்குடி பொய் சொன்ன?"

வீடே அதிரும்படிக் கத்தினார். மாப்பிள்ளை அவள் பக்கம் போனான். அவள் அவனைக் கையால் நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம்.

"இன்னொரு தடவை இந்த வீட்டுக்கு வரணும்னு இருந்துச்சுப்பா" என்றாள். "நல்லா இல்லன்னு சொன்னா நீங்க கத்துவீங்க. நீங்க கத்தினா நான் போகணும். போனா அப்புறம் வர முடியாது. அதான் சாப்பிட்டேன்."

அவர் அப்போதுதான் அவள் தட்டைப் பார்த்தார். மனைவியின் தட்டில் ஒரு வாய் போக மிச்சக் கேக் அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டி குறைந்திருந்தது. அவள் தட்டில் ஒன்றுமே இல்லை. பேச்சுக்கும் சண்டைக்கும் நடுவில், யாரும் பார்க்காதபோது, அத்தனை மாவையும் டீயைக் குடித்துக் குடித்து விழுங்கி முடித்திருந்தாள். உதட்டோரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

தன் மகள் தனக்குப் பயந்து மாவைத் தின்கிறாள். தொழிற்பேட்டை முழுக்கத் தன்னைக் கண்டு பயந்தது அவருக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இந்த மேஜையிலும் அதே பயம் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று அவருக்குத் தெரியாது. பயப்படாமல் உண்மையைச் சொன்னவன் ஒருவன்தான், அவனும் இவர் வேண்டாம் என்று தள்ளியவன்.

மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரியாது. அந்தப் பழக்கமே இல்லை. அவள் கையிலிருந்து தட்டை வாங்கினார்.

"நல்லா இல்லன்னு சொல்லும்மா" என்றார். "நான் கத்துவேன். கத்தினா கத்திட்டுப் போறேன். நீ உள்ளதைச் சொல்லு, சொல்லிட்டு மறுபடியும் வா."

மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தாள். மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள், இதுவும் ஏதாவது சோதனையோ என்பதுபோல.

"கண்றாவியா இருக்குப்பா" என்றாள். சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கச் சமையலறைக்குள் போனாள்.